துப்பாக்கிக்கு எந்த எண்ணெய்?

துப்பாக்கியைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் குழலைப் பற்றியும், தோட்டாவைப் பற்றியும், அது எத்துணைத் தூரம் பாயும் என்பதைப் பற்றியுமே எழுதுவர். அதற்கு இடும் எண்ணெயைப் பற்றி எழுதுவார் அரியர். எண்ணெய் என்பது கடைச் சரக்கு. ஸ்டோர்க் கணக்கில் ஒரு வரி. அவ்வளவே என்று எண்ணிவிடுகிறோம். ஆயினும் அந்த ஒரு வரி எழுதப்படாமையால் துப்பாக்கி வேண்டிய வேளையில் ஊமையாய் நின்றதுண்டு. அந்த வரியை எழுதியவர், கேட்க வேண்டியவரைக் கேளாமல் எழுதியமையால் பெருஞ்சேனை ஒன்று கொதித்து எழுந்ததும் உண்டு. ஆகவே இச்சிறு பொருளைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றோம்.

நகரத்தில் வாழும் நேயர்கள், “தோட்டத்தில் துப்பாக்கிக்கு என்ன வேலை?” என்று வினவக்கூடும். ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்த தோட்டங்களில், மறுநடவு செய்த முதலிரண்டு ஆண்டுகளே கண்ணும் கருத்துமாய்க் காக்க வேண்டிய காலம். காட்டோரத்துப் பன்றிகள் இரவில் இறங்கி வந்து இளங்கன்றுகளைக் கிளறிச் சாய்த்து, வெண்குருத்தைத் தின்றுவிடும். முன்னாள் பாடுபட்டு நட்ட கன்றுகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடப்பதைக் காலைப் பெரட்டு முடிந்து சென்று கண்டவர்க்கே அதன் வருத்தம் தெரியும். இதன் பொருட்டுச் சில தோட்டங்களில் உரிமம் பெற்ற வேட்டைத் துப்பாக்கி ஒன்றிரண்டு இருக்கும். 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி மலேசியாவில் உரிமமின்றி ஒருவரும் துப்பாக்கி வைத்திருத்தல் ஆகாது. ஆகவே துப்பாக்கி இரும்புப் பெட்டியில் பூட்டப்பட்டிருக்கும், தோட்டாக்கள் எண்ணப்பட்டிருக்கும், கணக்குப் புத்தகம் நம் போன்ற கிராணிகளின் மேசையில் இருக்கும், இரவானால் துப்பாக்கி மட்டும் ஜாகாவின் தோளில் ஏறும். கணக்கு ஒருவர் கையிலும் கருவி மற்றொருவர் தோளிலும் இருக்கும் இந்நிலையை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம். நாம் சொல்ல வந்த விஷயத்தின் வேர் அதிலேதான் இருக்கிறது.

முதலாவது, எண்ணெய் துப்பாக்கிக்குச் செய்யும் தொண்டு யாது என்று ஆராய்வோம். அது மூன்று வகைப்படும். வெடித்தபின் குழலிற் படியும் கரியையும் ஈயத்தையும் கரைத்து நீக்குதல் ஒன்று. இரும்போடு இரும்பு உரசும் இடங்களில் தேய்வைக் குறைத்து வழுக்கிச் செல்லச் செய்தல் இரண்டு. காற்றிலுள்ள ஈரம் இரும்பைத் தீண்டாவண்ணம் மெல்லிய போர்வையாய் நின்று காத்தல் மூன்று. கழுவுதல், வழுக்குதல், காத்தல் எனச் சுருங்கக் கூறலாம். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்பட்ட குணங்களை வேண்டுவன. நன்றாய்க் கழுவுவது நீர்த்திருக்க வேண்டும். விரைவில் ஆவியாகிப் போனாலும் குற்றமில்லை. காப்பதோ போகாமல் நிலைத்திருக்க வேண்டும். வழுக்கச் செய்வது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பதத்தில் இருத்தல் வேண்டும். ஆகையால் “எது சிறந்த எண்ணெய்?” என்று பொதுப்படக் கேட்பது, “எது சிறந்த மருந்து?” என்று நோயைச் சொல்லாமல் கேட்பதை ஒக்கும். எந்த நாட்டில், எந்த உறுப்பில், எந்தப் பகையை எதிர்த்து என்று கேட்பதே அறிவுடைமை.

மலாயாவின் மண்ணில் துப்பாக்கிக்குப் பெரும்பகை தேய்வன்று; துருவே ஆகும். இங்குக் காற்றின் ஈரப்பதம் இரவு நேரங்களில் நூற்றுக்கு 80-க்கு மேல் நிற்பது சாதாரணம். அதனோடு மனிதக் கையின் வியர்வை சேர்கிறது. வியர்வையில் உப்பு உண்டு. துடைக்காமல் வைத்த விரலடையாளம் சில நாட்களில் இரும்பின்மீது செந்நிறமாய் எழும்பிவிடும். பாலைவனத்தில் மணலுக்கும், பனிநாட்டில் உறைவுக்கும் அஞ்ச வேண்டும். நாம் அஞ்ச வேண்டுவது ஈரத்திற்கு.

இனி, நம்மவர் கைக்கு எட்டும் எண்ணெய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

தோட்டங்களில் துப்பாக்கிக்கு நெடுங்காலமாக இடப்பட்டு வருவது தேங்காய் எண்ணெய். அது வீட்டில் இருப்பது, விலை குறைந்தது, முன்னோரும் அதையே இட்டனர். இம்மூன்று காரணங்களில் ஒன்றேனும் இரும்பின் குணத்தைப் பற்றியதன்று. தேங்காய் எண்ணெய் 24, 25 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். மலைத் தோட்டங்களின் விடியற்காலையில் அது சீசாவுக்குள் கட்டியாய் நிற்பதைக் காணலாம். விசையின் உட்புறத்திலும் அது அவ்வாறே நிற்கும். நாட்பட்டால் ஈரத்தோடு கூடிக் காறிப்போகும். காறிய எண்ணெயிற் பிறக்கும் அமிலம் செம்பையும் பித்தளையையும் அரிக்கும். இரும்புக்கும் நன்மை செய்யாது. நல்லெண்ணெய் இன்னும் கேடானது. அது காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகும் இயல்புடையது. இதற்கு ரசாயன நூலைப் புரட்ட வேண்டுவதில்லை. பல நாள் துலக்காத பித்தளைக் குத்துவிளக்கின் அகலைத் தடவிப் பாருங்கள். பச்சை படர்ந்த அந்தப் பிசுக்கே துப்பாக்கியின் உள்ளும் உண்டாகிறது. ஆளிவிதை எண்ணெயோ காய்ந்து தோலாகும் தன்மையது. ஆகவே துப்பாக்கியின் மரக்கட்டைக்கு அது மிகவும் நல்லது. அசையும் உறுப்புக்கு மிகவும் தீயது.

மண்ணெண்ணெய் நன்றாய்க் கழுவும். கழுவிய பின் பறந்துபோகும். அதைக் காவலுக்கு வைப்பது, கூலி வாங்கியவுடன் ஊரைவிட்டுச் செல்பவரை ஜாகாவாக வைப்பது போலாம். டிராக்டரிலிருந்து வடித்த பழைய எஞ்சின் எண்ணெயைச் சிலர் இலவசமாய்க் கிடைக்கிறதென்று பூசுவர். அதில் எரிபொருள் எரிந்ததால் உண்டான அமிலமும், உலோகத்தூளும், தோலுக்குத் தீங்கிழைக்கும் நச்சுப்பொருள்களும் கலந்திருக்கின்றன. இரும்புக்கும் அது உதவாது. பூசுபவர் கைக்கும் ஆகாது. புதிய எஞ்சின் எண்ணெய் அவசரத்திற்கு உதவும், அதில் குற்றமில்லை.

மூலைக்கடை வரையில் கிடைக்கும் டபிள்யூ.டி. 40 என்னும் பீச்சுக்குப்பியைச் சர்வரோக நிவாரணியாக நம்புவோர் பலர். இஃது 1953-இல் அமெரிக்காவின் ஸான் டியேகோ நகரில் உண்டாக்கப்பட்டது. அப்பெயரிலுள்ள இரண்டு எழுத்துக்களும் நீரை இடம்பெயர்த்தல் என்னும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களேயாம். நாற்பது என்பது அதைக் கண்டவர்களின் நாற்பதாவது முயற்சியைக் குறிக்கும். அட்லஸ் என்னும் ஏவுகணையின் உலோகத் தோலைத் துருவினின்று காப்பதே அதன் முதல் வேலை. மழையில் நனைந்து வந்த துப்பாக்கியின் இடுக்குகளிலிருந்து நீரை விரட்டுவதற்கு அது கைகண்ட பொருள். ஆனால் அத்துடன் நில்லாமல், அதையே வாரந்தோறும் விசைக்குள் பீச்சிக்கொண்டிருந்தால், பறந்தது போக எஞ்சியது அடுக்கடுக்காய்ப் படிந்து தூசியைப் பற்றிக்கொள்ளும். பெயரே தன் தொழிலைச் சொல்லியிருக்க, படியாமல் வாங்கினது நமது குற்றமே.

தையல் இயந்திரத்திற்கு இடும் எண்ணெய் இவற்றினும் மேலானது. அது நன்றாய்ச் சுத்திகரித்த மெல்லிய கனிம எண்ணெய், பிசினாவதில்லை, அமிலம் பிறப்பிப்பதில்லை. லயன் வீட்டுத் தையற்பெண்ணின் மேசையிலேயே துப்பாக்கியின் விசைக்கு உகந்த பொருள் இத்தனை காலமும் இருந்து வந்திருக்கிறது என்பது வேடிக்கையல்லவா? அதன் குறை ஒன்றே: துருவைத் தடுக்கும் மருந்து அதில் போதிய அளவு சேர்வதில்லை. துப்பாக்கிக்கென்றே விற்கும் எண்ணெய்களில் அம்மருந்து சேர்க்கப்படுகிறது. ஜெர்மனியில் 1904-இல் தோன்றிய பாலிஸ்டால் என்பது உலோகம், மரம், தோல் ஆகிய மூன்றுக்கும் ஒருங்கே ஆகும்படி அமைக்கப்பட்டதாம். ஸி.எல்.பி. என்று மூன்று எழுத்து இட்டு விற்பவை, நாம் மேலே கூறிய கழுவுதல், வழுக்குதல், காத்தல் என்னும் மூன்றையும் ஒரே சீசாவில் தர முயல்பவை. முயற்சி பெரும்பாலும் பலிக்கிறது. எனினும் மூன்று வேலையையும் ஒருவனே செய்யும்போது எதிலும் முதற்பரிசு பெறான் என்பதை மறத்தலாகாது. குழல் மடங்கும் கீலில் மட்டும், பாரம் தாங்கும் இடமாதலால், கடுகளவு கிரீஸ் இடுவது முறை.

மேற்கூறியவற்றை நேயர்கள் நம் சொல்லுக்காக நம்ப வேண்டா. நாமும் நூலில் கண்டதோடு நில்லாமல் ஒரு சோதனை செய்து பார்த்தோம். ஆறு புதிய இரும்பாணிகளைச் சோப்பிட்டுக் கழுவி உலர்த்தி, ஒன்றை வெறுமனே விட்டு, மற்ற ஐந்திலும் ஐந்து எண்ணெய்களைத் தடவித் துடைத்து, குளியலறைச் சன்னலில் நூலிற் கட்டித் தொங்கவிட்டோம். வெறும் ஆணி இரண்டே நாளில் சிவந்தது. மண்ணெண்ணெய் தடவியது அதற்குப் பின் சில நாளில் சிவந்தது. தேங்காய் எண்ணெய் தடவியது அவ்வளவு துருப்பிடிக்கவில்லை. ஆனால் தொட்ட விரல் ஒட்டிற்று. நல்லெண்ணெய் தடவியது பின்னும் அதிகம் ஒட்டிற்று. தையலெண்ணெய் தடவியதில் இரண்டு வாரத்திற்குப் பின் ஊசிமுனை போன்ற புள்ளிகள் தோன்றின. துப்பாக்கி எண்ணெய் தடவியது அன்று வாங்கியது போல் இருந்தது. இச்சோதனைக்கு ஆன செலவு சில காசுகளே. விளம்பரத்தை நம்புவதும் வழக்கத்தை நம்புவதும் ஒன்றே. இரண்டும் நாம் பாராததை நம்புவதுதான். ஆணி பொய் சொல்லாது.

இத்தனையும் வீண் ஆராய்ச்சியோ என்று கருதுவோருக்கு, நாம் வேலை பார்க்கும் தோட்டத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவாம்.

ஒரு மழைக்காலத்து இரவு. மறுநடவுப் பகுதியில் காவலிருந்த முதிய ஜாகா ஒரு பெரும்பன்றியைச் சுட்டார். குண்டு பட்ட விலங்கு வீழாமல் அவர்மீது திரும்பிப் பாய்ந்தது. இரட்டைக் குழல் துப்பாக்கியாதலின் இரண்டாவது தோட்டா அவர் வசம் ஆயத்தமாகவே இருந்தது. விசையை இழுத்தார்; வெடிக்கவில்லை. பன்றியின் கோரைப்பல் தொடையைக் கிழித்தது. உடன் சென்றவர் கூச்சலிட்டு விளக்கை வீசியதால் உயிர் பிழைத்தார். ஆஸ்பத்திரியில் நாம் பார்க்கச் சென்றபோது, “கிராணி ஐயா, குதிரை விழுந்த சத்தமே கேக்கலை. மெத்தையிலே உக்காந்த மாதிரி மெதுவா உக்காந்துச்சு” என்றார். தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசியை அடிக்கும் உறுப்பையே துப்பாக்கிக்காரர் குதிரை என்பர். பழுது பார்க்கும் கடையில் உட்புறத்தைத் திறந்தபோது அவர் சொன்னது மெய்யாயிற்று. எண்ணெயும் புகையும் தூசியும் சேர்ந்து பழுப்பு நிறத்தில் பாகாய் உறைந்திருந்தன. வில்லின் வேகம் அப்பாகிலேயே அடங்கிப்போயிருந்தது.

பின்னர் ஆபீசிலிருந்து ஒரு கடிதம் பிறந்தது. ஆயுதத்தைச் சரிவரப் பராமரியாத குற்றத்திற்காக ஜாகாவுக்கு எச்சரிக்கை விடுக்கப்படுகிறது என்பது அதன் சாரம். அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் அது எழுதப்பட்டிருந்தது. நாமே வாசித்துப் பொருள் கூறினோம். அவர் கோபிக்கவில்லை. “எண்ணெய் கேட்டேன், ஐயா. ஸ்டோரிலே இல்லேன்னாங்க. வூட்டிலே இருந்ததைப் போட்டேன்” என்று மட்டும் கூறினார்.

நாம் அத்தோட்டத்திற்கு வருமுன் இருந்த புத்தகங்களைப் புரட்டினோம். சாமான் கோரும் புத்தகத்தில், “துப்பாக்கி எண்ணெய், ஒரு டின்” என்று இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருந்தது. இரண்டும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, பிறகு பார்க்கலாம் என்ற பொருள்பட ஒரு சொல் பக்கத்தில் இடப்பட்டிருந்தது. அதன் விலை முப்பது வெள்ளிக்கும் குறைவு. புத்தகத்தை உரியவர் மேசையில் விரித்து வைத்தோம், வேறொன்றும் பேசவில்லை. கடிதம் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டது. தொடையின் தழும்பு எடுக்கப்படவில்லை.

இதில் நாம் மனம் நொந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று அதே துப்பாக்கிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சாத்திக் கற்பூரம் காட்டியிருக்கிறார்கள். ஈரச் சந்தனம் நின்ற இடத்தில் வட்ட வட்டமாய்த் துரு தங்கியிருந்ததை நாமே கண்டோம். கருவியை மதிப்பது நற்குணம். அதை மறுப்பார் இரார். ஆனால் ஒருநாள் மாலை சூட்டி, மற்ற 364 நாளும் ஒரு சொட்டு எண்ணெய் கொடாதிருப்பது மதிப்பாகுமா? அன்று பூவிற்கும் பழத்திற்கும் செலவிட்டதில் ஒரு பகுதி எண்ணெய்க்குச் சென்றிருந்தால், அதைக் காட்டிலும் சிறந்த பூஜை இராது என்பது நமது அபிப்பிராயம்.

எண்ணெயைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர். அதன் பலனைத் தாங்குபவர் மற்றொருவர். இந்தத் தூரமே கேட்டுக்கு மூலம். இஃது ஒரு தோட்டத்தின் கதை மட்டும் அன்று, சரித்திரத்திலும் பார்க்கிறோம்.

1857-ஆம் ஆண்டு இந்தியச் சிப்பாய்க் கலகத்தின் தீப்பொறியாய் நின்றது ஒரு மசகுதான். என்பீல்டு என்னும் புதிய துப்பாக்கியின் தோட்டா இறுக்கமின்றிக் குழலுக்குள் இறங்கும்பொருட்டு அதன் காகித உறையில் கொழுப்புப் பூசப்பட்டிருந்தது. அக்காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தே மருந்தைக் கொட்ட வேண்டும். அக்கொழுப்பு பசுவினுடையது, பன்றியினுடையது என்ற பேச்சு அவ்வாண்டு ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம் முகாமில் எழுந்தது. எந்த விலங்கின் கொழுப்பு வாங்கப்படுகிறது என்று ஆராய்வதை அதிகாரிகள் பொருட்படுத்தவில்லை. பின்னர், சிப்பாய்கள் தாங்களே விரும்பும் மசகைப் பூசிக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. சந்தேகம் கொழுப்பை விட்டுக் காகிதத்தின் பளபளப்பின்மேல் தாவிற்று. ஏப்ரல் 24-ஆந் தேதி மீரத்தில் குதிரைப்படையினர் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். மே 9-ஆந் தேதி அவர்களுக்கு எல்லோர் முன்னிலையிலும் விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் கலகம் மூண்டது. நாடு பிடிக்கும் ஆசை முதலிய வேறு காரணங்கள் பல உண்டென்பதை அறிவோம். ஆயினும், வாயில் வைக்கப்போகிறவனை முன்னதாக ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்தப் பொறி அங்கே விழுந்திராது.

1941-ஆம் ஆண்டு இறுதியில் மாஸ்கோவை நெருங்கிய ஜெர்மன் படையின் யந்திரத் துப்பாக்கிகள் பனியில் செயலற்று நின்றன. அவற்றிலிருந்த எண்ணெய் கடுங்குளிருக்கு ஏற்றதன்று. அது கெட்டியாகி உறுப்புக்களைப் பிடித்துக்கொண்டது. அதற்குச் சற்று முன்னே, 1939-40 குளிர்காலப் போரில், பின்லாந்து வீரர்களோ தம் நாட்டின் குளிரை அறிந்தவர்களாதலின் எண்ணெயைப் பெட்ரோல் முதலியவற்றால் நீர்த்தும், மிகக் குறைத்தும் இட்டுப் போரிட்டனர். ஊரை அறிந்தவன் இட்ட சொட்டு, அறியாதவன் இட்ட குடத்தை வென்றது.

வியத்நாம் யுத்தத்தில் அமெரிக்கப் போர்வீரர்க்கு எம்-16 என்னும் துப்பாக்கி தரப்பட்டது. அதற்கு அதிகம் சுத்தம் செய்ய வேண்டுவதில்லை என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. சுத்தம் செய்யும் சாமான்களும் போதிய அளவில் போய்ச் சேரவில்லை. அதனிடையே தோட்டாவின் வெடிமருந்து வேறு வகைக்கு மாற்றப்பட்டது; அது அதிகக் கரியை விட்டது. தோட்டா தங்கும் அறைக்கு ஈரத்தைத் தாங்கும் குரோமியப் பூச்சும் இல்லை. நம் நாட்டைப் போன்றே வெப்பமும் ஈரமும் நிறைந்த அக்காட்டில், நெருக்கடியான வேளையில் துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டன. வீரர் பலர் மடிந்தனர். 1967-இல் அமெரிக்கக் காங்கிரஸின் உட்குழு ஒன்று அதை விசாரித்துக் கண்டித்தது. அதன் பின்னர்ப் பூச்சு வந்தது. எண்ணெயும் தூரிகையும் வந்தன. எளிய படக்கதை வடிவில் பராமரிப்புப் புத்தகமும் அச்சாயிற்று. வல்லரசின் படையாயினும், கணக்கெழுதும் மேசைக்கும் துப்பாக்கி தாங்கும் தோளுக்கும் இடையே தூரம் விழுந்தால் நேர்வது இதுவே.

இனி, எண்ணெய் வாங்கியாயிற்று. அதை இடும் முறையைக் கூறி முடிப்போம்.

துப்பாக்கியைத் திறந்து உள்ளே தோட்டா இல்லையென்பதைக் கண்ணாலும் விரலாலும் இருமுறை அறிந்த பின்னரே எண்ணெய்ச் சீசாவைத் திறக்க வேண்டும். தோட்டாக்கள் அவ்வறையிலேயே இருத்தல் ஆகாது. ஊடுருவும் எண்ணெய் தோட்டாவின் அடிக்குள் புகுந்தால் அதைச் செயலற்றதாக்கிவிடும். குழலைத் தூரிகையால் தேய்த்து, துணியால் அழுக்கு வரும்வரை இழுத்து, அழுக்கு நின்றபின் எண்ணெய் நனைந்த துணியை ஒருமுறை ஓட்டுக. உப்பு எண்ணெயில் கரைவதில்லை, நீரிலேதான் கரையும். அக்காலத்துத் தோட்டாக்களின் அடிமருந்து குழலில் உப்பை விட்டுச் சென்றதால், பிரிட்டிஷ் சிப்பாய்கள் கொதிநீரைக் குழலில் ஊற்றிக் கழுவி உலர்த்திய பின்னரே எண்ணெயிட்டனர். இக்காலத்து வேட்டைத் தோட்டாக்களில் அத்தொல்லை இல்லை. ஆயினும் அழுக்கின்மேல் எண்ணெய் பூசுவது அழுக்கைக் காப்பாற்றுவதேயாகும் என்ற உண்மை என்றும் மாறாது.

விசைக்கு ஒரு சொட்டு. கீலுக்குக் கடுகளவு கிரீஸ். வெளிப்புறத்திற்கு எண்ணெய்த் துணியின் ஒரு தடவல். அதற்குமேல் இடுவதெல்லாம் வீண். வீணென்பது மட்டுமன்று, தீங்கு. மிகுந்த எண்ணெய் தூசியை அழைக்கும். கீழே வழிந்து மரக்கட்டையில் ஊறி அதை மென்மையாக்கும். ஆதலால் எண்ணெயிட்டபின் முதல் இரவு குழல்வாய் கீழ்நோக்கி நிற்க வைப்பது நலம். சுடுமுன் குழலின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்தல் வேண்டும். தோல் உறையிலும் கித்தான் உறையிலும் இட்டு நாட்கணக்காய்ப் பூட்டி வைத்தலாகாது. அவை ஈரத்தை உறிஞ்சி இரும்புக்கு ஊட்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். சிறந்த எண்ணெயைப் பூசி மறந்துவிடுபவரைவிட, நடுத்தர எண்ணெயைப் பூசி வாரந்தோறும் பார்ப்பவரின் துப்பாக்கியே நெடுநாள் வாழும்.

துப்பாக்கி வைத்திருப்போர் நம்மவரில் மிகச் சிலரே. எனினும் வெட்டுக்கத்தியும், மருந்தடிக்கும் பம்பும், புல்வெட்டும் இயந்திரமும், தையல் இயந்திரமும் இல்லாத வீடு ஏது? இவை ஒவ்வொன்றுக்கும் ஏற்ற எண்ணெய் ஒன்று உண்டு. ஏலாத எண்ணெயும் ஒன்று உண்டு. ஏற்றது எதுவென்று சீசாவின் முகத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங்கிலம் படித்த நம் போன்றோர் அதை வாசித்துத் தாமே அறிந்துகொண்டு வாளாவிருந்தால், அப்படிப்பினால் ஊருக்கு யாது பயன்? எதிரில் நிற்பவருக்கு வாசித்துக் காட்டுவது படித்தவர் கடமை. தயங்காது கேட்பது வேலை செய்பவர் உரிமை. கருவியைத் தாங்குபவரைக் கேட்டு அதற்கான எண்ணெயை வாங்கித் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. இம்மூன்றில் ஒன்று தவறினும் துரு நுழைந்துவிடும்.

ஆகையால், தோட்டங்களிலும் பட்டறைகளிலும் சாமான் கோரும் புத்தகத்தை எழுதும் சகோதரர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாதமுடிவில் பேனாவை எடுக்குமுன், அக்கருவியைக் கையில் பிடிப்பவரிடம் சென்று, “ஐயா, எண்ணெய் இருக்கிறதா? எது நன்றாயிருக்கிறது?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவ்வாறே எழுதி, அன்றைய தேதியையும் இடுங்கள். மேலிடத்தார் அவ்வரியைச் சிவப்பு மையால் அடித்தால், அடுத்த மாதமும் எழுதுங்கள்.